பாட்டுக்காகப் போன் வாங்குவதென்றால்: டர்பனில் எதை வைத்து முடிவெடுப்பது?

டர்பனில் யார் புதுப் போன் வாங்கக் கிளம்பினாலும் பேச்சு கேமராவில் தொடங்கி, பேட்டரிக்குப் போய், மாதத் தவணையில் முடிந்துவிடுகிறது. பாட்டு எப்படிக் கேட்கும் என்று கடையில் யாரும் விசாரிப்பதில்லை. கடைக்காரரும் தாமாகச் சொல்வதில்லை. ஆனால் நம் வீடுகளில் போன் அதிக நேரம் செய்கிற வேலை பாடுவதுதான். காலையில் சாமி அறையில் தேவாரம், சமையல் முடியும்வரை பழைய திரைப்பாட்டு, காரில் வேலைக்குப் போகும்போது வேறொன்று, வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பாட்டுப் பழகும்போது இன்னொன்று. இத்தனைக்கும் ஒரே கருவி. அதை வாங்கும்போது காதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு உங்களுக்கு முக்கியமென்றால் போனைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பாட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதை எப்படிக் கேட்கப் போகிறீர்கள், கம்பியிலா, கம்பியில்லாமலா என்று அடுத்ததாக யோசியுங்கள். இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்தப் போன் என்ற கேள்வியில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

பாட்டு எங்கே இருக்கிறது?

இணையச் செயலிகளிலிருந்து தொடங்குவோம். ஸ்பாட்டிஃபை 2018 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. யூடியூப் மியூசிக் அடுத்த ஆண்டு வந்தது. ஒருவருக்கான மாதச் சந்தா நூறு ரேண்டுக்குள் அடங்கிவிடும். கறுப்பு வெள்ளைக் காலத்துத் திரைப்பாட்டிலிருந்து நேற்று வெளியான பாட்டுவரை தேடினால் கிடைக்கிறது. திரையிசைதான் உங்கள் உலகம், வீட்டில் ஃபைபர் இணைப்பும் உண்டு என்றால், இதைவிட வசதியான வழி வேறில்லை. இரவில் வீட்டு இணைப்பில் பாட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு பகலில் டேட்டா செலவில்லாமல் கேட்கலாம். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டு தொடர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது போனை இணையத்தில் இணைத்தாக வேண்டும். சந்தா நின்றால் இறக்கிய பாட்டும் நின்றுவிடும். அந்தப் பாட்டு நம் போனில் இருக்கிறதே தவிர, நம்முடையதாக இருப்பதில்லை.

வீட்டில் ஃபைபர் இல்லாதவருக்குக் கணக்கே வேறு. நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 72 எம்பி செலவாகும். 320 கிலோபிட்டில் அது 144 எம்பி. தினம் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு, அந்தக் குறைந்த தரத்திலேயே மாதம் 4 ஜிபியைத் தாண்டிவிடும். இந்த நாட்டில் டேட்டா விலை நெடுங்காலமாகவே மனக்குறைதான். 2019 டிசம்பரில் போட்டி ஆணையம் விலையைக் குறைக்கச் சொல்லி அறிக்கை வெளியிட்ட பிறகுதான், 2020 ஏப்ரலில் வோடகாம் செல்போன் நிறுவனத்தின் 30 நாள் 1 ஜிபி 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டுக்கு இறங்கியது. அதன் பிறகு இன்னும் சற்று இறங்கியிருக்கிறது. ஆனாலும் முதியோர் உதவித்தொகையில் மாதத்தை ஓட்டும் ஒரு பெரியம்மாவிடம், பாட்டுக்காக நாலு ஜிபி வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மிஞ்சிய டேட்டாவை அடுத்தவருக்கு மாற்றிக்கொடுக்க 2019 முதல் விதி இடம் தருகிறது. பிள்ளைகள் அதைச் செய்து கொடுக்கலாம்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது அது பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது என்றாலும் 2023 யாருக்கும் மறந்திருக்காது. மின்வெட்டின் கடுமையான ஆறாம் கட்டத்தை அறிவித்த நாட்களில், செல்போன் கோபுரத்தின் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். கோபுரம் ஓய்ந்தால் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லையென்றால் இணையப் பாட்டும் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பல பகுதிகள் இருட்டிலும் தண்ணீரில்லாமலும் கிடந்தபோதும் இதே கதைதான். போனுக்குள்ளேயே பாட்டு வைத்திருந்தவர்கள் வீட்டில் மட்டும் இரவில் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம்முடைய பாட்டில் ஒரு பெரும்பகுதி எந்தச் செயலியிலும் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் சந்ததி, கரும்புத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து இன்றுவரை பாடிக்கொண்டே வந்திருக்கிறது. காவடிப் பாட்டு, மாரியம்மன் தாலாட்டு, புரட்டாசி பஜனை, விடிய விடிய நடந்த தெருக்கூத்து. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு திருப்புகழைச் சந்தம் பிசகாமல் பாடுவதை இங்கே எந்தக் கோயில் மண்டபத்திலும் கேட்கலாம். இந்தக் குரல்கள் பதிவானது கேசட்டுகளில்தான். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் அலமாரி மேல் இருக்கும் செருப்புப் பெட்டிகளில் அவை கிடக்கின்றன.

எங்கள் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசிக்கும் மாமா ஒருவரிடம் அப்படிப்பட்ட பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கேசட்டின் ஓரத்தில் நீல மைப் பேனாவால் ஆங்கிலத்தில் காவடி என்று மட்டும் எழுதியிருக்கும். ஓடவிட்டால் முதலில் யாரோ இருமுகிறார். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு வாங்குகிறது, ஜால்ரா ஒன்று சேர்கிறது, மாமாவின் அப்பா அடிக்குரலில் எடுத்துக் கொடுக்க, கூட்டம் 'அரோகரா' என்று ஏற்றுக்கொள்கிறது. அந்த ஏற்றுக்கொள்ளலில் ஒரு சிறுவனின் குரல் மட்டும் சுருதிக்கு மேலே தனியாகத் தெரிகிறது. அந்தச் சிறுவன் தான்தான் என்கிறார் மாமா. எந்தச் சந்தாவும் இதைத் தராது.

இப்படி ஒரு கேசட்டைப் போனுக்குக் கொண்டுவருவது கடினமில்லை. டேப்ரிக்கார்டரில் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியை (ஹெட்) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, அதன் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் கொடுங்கள். ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாத்து வைப்பதற்குத் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் ஒரு பிரதி, போனில் கேட்பதற்கு 192 கிலோபிட் எம்பி3 ஒரு பிரதி. கேசட்டில் பதிந்த ஒலிக்கு அதற்கு மேல் தரம் வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று எம்பி3யில் சுமார் 130 எம்பி ஆகிறது. 64 ஜிபி கார்டு ஒன்றில் நானூறு கேசட்டுக்கு மேல் அடங்கிவிடும். ஒரு குடும்பத்தின் மொத்தப் பெட்டியும் நகத்தளவு கார்டில் வந்துவிடுகிறது. அதைச் செருக இடமில்லாத போனை நான் ஏன் வாங்க வேண்டும்?

வானொலியைப் பற்றி ஒரு குறிப்பு. 1983இல் ரேடியோ லோட்டஸ் என்று தொடங்கிய லோட்டஸ் எஃப்எம்மை இன்றும் நம்பியிருக்கும் பெரியவர்கள் பலர். போனில் எஃப்எம் வசதி இருந்தால் டேட்டா செலவே இல்லை. ஆனால் அதற்குக் கம்பி இயர்போன் செருகியிருக்க வேண்டும். அந்தக் கம்பிதான் ஏரியல். இயர்போன் துளையே இல்லாத போன்களில் பொதுவாக எஃப்எம்மும் இருப்பதில்லை. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியா, புளூடூத்தா?

புளூடூத் என்றாலே ஒலி மட்டம் என்ற பழைய பேச்சை இன்னும் கேட்கிறேன். அது இன்று பெரிதும் செல்லாது. எல்லா புளூடூத் இயர்போனிலும் இருந்தே தீர வேண்டிய எஸ்பிசி என்ற ஒலி அனுப்பும் முறை நொடிக்கு சுமார் 328 கிலோபிட்வரை அனுப்பும். சோனி உருவாக்கிய எல்டேக் முறை 990 கிலோபிட்வரை போகும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அது ஆண்ட்ராய்டோடு சேர்ந்தே வருகிறது, இயர்போனிலும் அந்த வசதி இருந்தால் போதும். சமையலறையில் ஈரக்கையோடு நிற்பவருக்கும், கடற்கரை நடைபாதையில் காலையில் நடப்பவருக்கும் கம்பி தொல்லைதான். திரைப்பாட்டும் பஜனையும் கேட்க நல்ல புளூடூத் இயர்போன் தாராளமாகப் போதும். கூர்ந்து கேட்டால் தம்பூராவில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். நரம்புக்கடியில் நூல் வைத்து எழுப்பும் அந்த ரீங்காரம், ஜீவா என்கிறோமே, அதன் மேல்விளிம்பு மலிவான புளூடூத்தில் சற்று மழுங்குகிறது. கம்பியில் அது முழுதாக விரிகிறது.

பாட்டைக் கேட்பவருக்கு இவ்வளவுதான் வேறுபாடு. பாட்டைப் பழகுபவருக்கு வேறுபாடு மிகப் பெரியது. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் எவரும் சொல்லமாட்டார்கள்.

முதலாவது, தாமதம். புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர நொடியில் ஐந்தில் ஒரு பங்குவரை ஆகலாம். படம் பார்க்கும்போது போன் அந்தத் தாமதத்துக்கு ஏற்பப் படத்தையும் நிறுத்திக் காட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. பாடும்போது தெரியும். ஆதி தாளத்தை ஓர் அட்சரத்துக்கு ஒரு நொடி என்று நிதானமாகப் போட்டால், அட்சரத்தை நான்காகப் பிரிக்கும் சதுரசிர நடையில் ஒரு மாத்திரை கால் நொடி. தாமதம் ஏறக்குறைய ஒரு மாத்திரை! பதிவுக்கு ஒத்துப் பாடுவதில் பிரச்சினை இல்லை. காதில் விழுவதைப் பிடித்துக்கொண்டு பாடுகிறோம். ஆனால் அப்படிப் பாடியதைப் பதிவு செய்து இரண்டையும் சேர்த்துக் கேட்டால், உங்கள் எடுப்பு ஒவ்வொன்றும் தாளத்துக்குப் பின்னால் விழுந்திருக்கும். தாளம் நிற்கவில்லை என்று ஒரு சிறுமி அழுவதைப் பார்த்திருக்கிறேன். அவளுடைய தாளம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது, மைக். புளூடூத் இயர்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் போன் பெரும்பாலும் பாட்டு முறையிலிருந்து தொலைபேசி முறைக்கு மாறிவிடுகிறது. இரு பக்கத்து ஒலியும் ஒற்றைத் தடத்துக்குச் சுருங்கி, பழைய தொலைபேசிக் குரல்போல் ஆகிவிடும். சென்னையில் இருக்கும் ஆசிரியரிடம் வீடியோவில் பாட்டுக் கற்கும் பிள்ளைகள் இங்கே நிறைய பேர். சனிக்கிழமை அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை. அந்த வகுப்பில் பிள்ளை புளூடூத்தோடு உட்கார்ந்தால், ஆசிரியர் பாடிக்காட்டும் கமகத்தின் நெளிவு பாதி வந்து சேர்வதில்லை. கம்பி இயர்போனைச் செருகிய மறு நொடியே குரல் அறைக்குள் வந்துவிடுகிறது.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். வீடியோ அழைப்புச் செயலிகள், மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி நீக்கப் பார்க்கும். தம்பூராவும் சுருதிப் பெட்டியும் மாறாமல் ஒலிப்பவை. ஆகவே ஆசிரியர் சுருதி போட்டுப் பாடினாலும் இந்தப் பக்கம் சுருதி விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. இரு பக்கமும் அதை இயக்கிக்கொண்டால் சுருதி நிற்கும். போன் எவ்வளவு விலையானாலும் இதைச் செய்யாமல் தீராது.

கம்பிக்கும் புளூடூத்துக்கும் நடுவே மூன்றாவது வழியும் உண்டு. துளை இல்லாத போனில் யுஎஸ்பி-சி வாயிலில் ஒரு சிறு இணைப்பியைச் செருகி, அதில் கம்பி இயர்போனை மாட்டலாம். ஒலி மிக நன்றாகவே இருக்கும். சிலவற்றில் போனின் சொந்தத் துளையைவிடவும் மேல். வாங்கும்போது உறையில் 'டிஏசி' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்வடிவ ஒலியை மின்னலையாக மாற்றும் அந்தச் சில்லு உள்ளே இல்லாத மலிவான இணைப்பிகள் பல போன்களில் ஒலியே தராது. இணைப்பி மாட்டியிருக்கும்போது அதே வாயிலில் சார்ஜ் ஏற்ற முடியாது என்பது ஒரு குறை. விரல் நீளப் பொருள் என்பதால் கைப்பையின் அடியில் எங்கோ ஒளிந்துகொள்ளும் என்பது அடுத்த குறை. இளையவர்களுக்கு இது சரிப்படும். பெரியவர்களுக்குச் சரிப்படாது. துளையில்லாப் போனைக் கையில் வாங்கிய ஒரு பெரியம்மா நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் எங்கே சொருகுவது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

புளூடூத் இயர்போனுக்குள் இருக்கும் பேட்டரியை மாற்ற முடியாது. சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும், அதன்பின் இயர்போனே வீண். கம்பி இயர்போன் ஒன்றைக் கவனமாகச் சுருட்டி வைத்தால் அடுத்த போனுக்கும் வரும். நகர மையத்தில் நடக்கும்போது மட்டும் இரண்டுமே வேண்டாம். பின்னால் வருபவரின் காலடி காதில் விழ வேண்டும்.

மூன்று போன்கள்

நடுத்தர விலையில் இங்கே பலரும் பார்க்கும் சாம்சங் கேலக்ஸி ஏ வரிசையையே எடுத்துக்கொள்கிறேன். அடுத்தடுத்து வந்த மூன்று மாடல்களை வரிசையாக வைத்தால் பாட்டுக்காரருக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பது புரிந்துவிடும்.

2023 டிசம்பரில் அறிவித்த ஏ25இல் 3.5 மில்லிமீட்டர் இயர்போன் துளை இருக்கிறது, மெமரி கார்டு இடம் இருக்கிறது, இரட்டை ஸ்பீக்கரும் இருக்கிறது. 2024 மார்ச்சில் வந்த ஏ35இல் கார்டு இடம் உண்டு, துளை இல்லை. 2025 மார்ச்சில் வந்த ஏ36இல் இரண்டுமே இல்லை. மேலே போகப் போகக் கண்ணாடியும் கேமராவும் மெருகேறுகின்றன. காதுக்கான வாசல்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன.

அதற்காக ஏ36ஐத் தள்ளிவிட முடியாது. அதற்கு ஆறு ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு என்று உறுதி தந்திருக்கிறார்கள். வங்கிச் செயலியைப் போனில் வைத்திருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. சந்தாப் பாட்டு, புளூடூத், வீட்டில் ஃபைபர் என்று வாழ்பவர் தயங்காமல் அதை வாங்கலாம். அக்கா மகள் ஒருத்தி அதைத்தான் வாங்கினாள். அவளுக்கு அது பொருத்தமான போன்.

ஏ35க்கு ஐபி67 பாதுகாப்பு உண்டு; ஏ25க்கு இல்லை. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரம் அது. நம் ஊரில் இதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. தைப்பூசக் காவடி இங்கே கோடையின் உச்சத்தில் வருகிறது. வியர்வை, பால்குடம், திடீர் மழை எல்லாவற்றுக்கும் நடுவே, குழுவுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறார். கார்டும் வேண்டும், தண்ணீருக்கும் அஞ்ச வேண்டாம் என்று நினைப்பவருக்கு ஏ35தான் நடுவழி. கூடவே ஒரு யுஎஸ்பி இணைப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வரிசையில் அடுத்து வந்த ஏ26இலும் ஐபி67 உண்டு, கார்டும் உண்டு, துளை இல்லை.

நான் ஏ25ஐ எடுத்தேன். என்னுடைய பாட்டு கேசட்டிலிருந்து வந்தது, நான் கம்பியில் பழகுபவன், ஆகவே யோசிக்க அதிகம் இருக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் சற்று இடித்தது. இரட்டை சிம் மாடலில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பேச்சுக்கு ஒரு நிறுவனம், மலிவான டேட்டாவுக்கு இன்னொரு நிறுவனம் என்று இரண்டு சிம் வைத்திருப்பது இங்கே வழக்கம். கார்டு போட்டால் ஒரு சிம்மை விட்டுவிட வேண்டும். பாட்டு போனுக்குள்ளேயே இருப்பதால் எனக்கு டேட்டா தேவை குறைந்தது. இரண்டாவது சிம் அவசியப்படவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையாது, வாங்கும் முன் சிம் தட்டைப் பார்த்துவிடுங்கள்.

தவணையா, ரொக்கமா என்ற கேள்விக்கு நீளமான பதில் என்னிடம் இல்லை. முப்பத்தாறு மாதத் தவணையில் மாதத் தொகை சிறிதாகத் தெரியும், கூட்டிப் பார்த்தால் பெரிதாக இருக்கும். எப்படி வாங்கினாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று கேட்கும் உரிமை வாங்கியவருடையது. இயர்போன் துளையில் ஒரு பக்கம் மட்டும் ஒலிப்பது, கார்டைப் போன் அவ்வப்போது மறந்துவிடுவது போன்றவையும் குறைதான். அந்த ஆறு மாதத்துக்குள் அவற்றைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

கடையிலும் முதல் வாரத்திலும்

கடைக்குப் போகும்போது உங்கள் இயர்போனையும், மூன்று நான்கு பாட்டு ஏற்றிய ஒரு கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடைப் போனில் இருக்கும் மாதிரிப் பாட்டு எந்தப் போனிலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் நூறுமுறை கேட்ட பாட்டை வைத்தால்தான் குறை நிறை தெரியும். எனக்கு மூன்று வகை வேண்டும்: தம்பூரா மட்டும் துணையாக ஒரு குரல், மிருதங்கத் தனி, கூட்டமாகப் பாடும் பஜனை.

முதலில் போனின் ஸ்பீக்கரில் கேட்டேன். குரல் தெளிவாக இருந்தது. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலையின் 'நம்', 'தின்' விழுந்தன. இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' மட்டும் காணவில்லை. எந்தப் போனாக இருந்தாலும் இப்படித்தான். அந்தக் கீழ் ஒலியை எழுப்பக் காற்றை நிறையத் தள்ள வேண்டும். போனுக்குள் இருக்கும் சிறு ஸ்பீக்கருக்கு அந்த வலு கிடையாது. ஸ்பீக்கர் ஒலியை வைத்து ஒரு போனைப் புகழவோ இகழவோ கூடாது. அதே பாட்டைக் கம்பி இயர்போனில் கேட்டபோது இடது கை முழுதாக வந்தது. தொப்பியை உள்ளங்கையால் அழுத்தி இழுக்கும் குமுக்கி உட்பட. கூட்டுப் பஜனையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒலி அமைப்புகளுக்குள் போய் டால்பி அட்மாஸ், ஈக்குவலைசர் போன்றவற்றை முதலில் அணைத்து வைத்துக் கேளுங்கள். திரைப்படத்துக்கு அவை சுகம். தனிக் குரலுக்கு அவை செயற்கையான அகலத்தைக் கூட்டி, பாடுபவரை எதிரிலிருந்து எடுத்து அறை முழுதும் பரப்பிவிடுகின்றன. அணைத்துக் கேட்டுவிட்டு, பிறகு வேண்டுமானால் ஒவ்வொன்றாக இயக்கிக்கொள்ளலாம்.

சொந்தக் கோப்புகளைப் பாடவைக்க விஎல்சி என்ற செயலி போதும். மியூசிகோலெட்டும் நல்லது, அது இணைய அனுமதியே கேட்பதில்லை. பாட்டு நடுவில் தானாக நின்றால், போனின் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலியைத் தூங்க வைக்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய எம்பி3களில் பாட்டின் பெயர் கட்டம் கட்டமாகவோ பொருளில்லாத குறிகளாகவோ தெரியலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய பெயர்கள் அவை. கணினியில் உட்கார்ந்து பெயர்களைத் திருத்தத்தான் வேண்டும். நான் திருத்தும்போது பாட்டின் பெயரோடு பாடியவர், கோயில், ஊர் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். மாமாவுக்கு நினைவிருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

ஒலி அளவைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். பெரும்பாலான போன்களில் எச்சரிக்கை தானாக வரும். அதைத் தள்ளிவிட்டு ஏற்றாதீர்கள். மினிபஸ் டாக்சியின் இரைச்சலோடு போட்டியிட ஒலியைக் கூட்டுவதைவிட, காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை உள்ள இயர்போன் வாங்குவது மேல்.

கடைசியாக, கார்டு. சந்தையில் போலிக் கார்டு ஏராளம். உறையில் 512 ஜிபி என்று இருக்கும், போனும் 512 என்றே காட்டும், உள்ளே உண்மையில் இருப்பது அதில் சிறு பங்குதான். நிறைந்த பிறகு ஏற்றும் பாட்டெல்லாம் ஏறியதுபோல் தெரியும், திறந்தால் திறக்காது. தெரிந்த கடையில், ரசீதோடு வாங்குங்கள். வாங்கியதும் கணினியில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். அந்த எண் சரியாக வந்த பிறகு கேசட்டுப் பாட்டுகளை அதில் ஏற்றுங்கள். ஃபிளாக் பிரதிகள் கணினியிலும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும்.